குத்துவிளக்கும் கிரைண்டரும்: பெட்டி கப்பல் ஏறுவதற்கு முன்

பத்தாங் பெர்ஜுந்தையில் பூசைச் சாமான், பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்த கேள்வி இது. (பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ வருடமாகிறது, என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) இதுவரை கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் மொத்த விலைக்கு எடுத்து வந்து விற்றவர், இந்தத் தீபாவளிக்குக் கோயம்புத்தூரிலிருந்து 60 வெட் கிரைண்டரும் நாச்சியார்கோவில் பட்டறையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்குகளும் நேராக இறக்கப் பார்க்கிறார். இம்போர்ட் லைசென்ஸ் எங்கே எடுப்பது, வரி எத்தனை விழுக்காடு என்பவை அவர் கேட்ட இரண்டு கேள்விகள். கடைசியில் ஒரு வரி: "சப்ளையர் வரியெல்லாம் தானே கட்டும் டிடிபி முறையில் வாசலுக்கே அனுப்புகிறேன், பில்லைக் குறைத்துப் போட்டால் வரியும் குறையும் என்கிறார், பயமாக இருக்கிறது அண்ணா." முதல் இரண்டுக்கும் பதில் சுலபம். அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். ஏதாவது தப்பானால் யார் தலையில் விழும் என்று கேட்கிறார்.

நான் தோட்டத்துப் பிள்ளை. போர்ட் கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் அலுவலகத்தில் (சரக்கைக் கஸ்டம்ஸில் விடுவித்துத் தரும் இடம்) 22 வருடம் டிக்ளரேஷன் வேலை பார்த்தேன். வழக்கறிஞர் இல்லை, கஸ்டம்ஸ் அதிகாரியாகவும் இருந்ததில்லை. பாத்திரம், இயந்திரம், விளக்கு, சாமான் செட்டு, இவைதான் என் கையில் அதிகம் புழங்கியவை. உணவுப் பொருளும் மருந்தும் அவ்வளவாக வந்ததில்லை, அதனால் அவற்றை மேலோட்டமாகத்தான் தொடுகிறேன்.

முதலில் லைசென்ஸ். பொதுவான 'இறக்குமதி லைசென்ஸ்' என்று மலேசியாவில் ஒன்று கிடையாது. எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு உள்ள எந்தக் கடையும் தன் பெயரில் சரக்கு இறக்கலாம். அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதைப் பொருள்தான் முடிவு செய்யும். எந்தப் பொருளுக்கு யாருடைய அனுமதி வேண்டும் என்பதைக் கஸ்டம்ஸ் இறக்குமதித் தடை ஆணையின் அட்டவணைகள் சொல்லும். சிலவற்றை யாருமே கொண்டுவர முடியாது, சிலவற்றுக்கு ஓர் இலாகாவின் கடிதம் போதும், சிலவற்றுக்குத் தரச் சான்று கேட்பார்கள். அரிசி இன்னொரு கதை. அதை இறக்கும் உரிமை பெர்னாஸ் நிறுவனத்திடம் இருக்கிறது, நம்மைப் போன்ற கடைக்காரர்கள் பொன்னி மூட்டையைப் பற்றிக் கனவு காண வேண்டாம். உங்கள் இரண்டு பொருளில் விளக்குக்குத் தொல்லை குறைவு. கிரைண்டருக்கு அதிகம். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

வரி எத்தனை விழுக்காடு என்பதற்கு ஒரே எண்ணாகப் பதில் சொல்பவரை நம்பாதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எச்எஸ் எண் ஒன்று இருக்கிறது, வரி அந்த எண்ணோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். அதற்குமேல் ஆசியான் நாடுகளுக்குப் பொதுவாக 8 இலக்கம், மலேசியாவில் 10 இலக்கம். இந்தியாவிலிருந்து வரும் பில்லிலும் 8 இலக்க எண் இருக்கும், ஆனால் அது அவர்கள் நாட்டு எண். முதல் ஆறுதான் நமக்கு உதவும், கடைசி இரண்டை அப்படியே எடுத்து எழுதினால் வேறு பொருளில் போய் நிற்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தத் தப்பைச் செய்து பெரியவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். பித்தளைதானே என்று செம்புப் பாத்திரங்கள் உள்ள 7418இல் போடுவார் ஒருவர். அலங்காரப் பொருள் என்று 8306க்குக் கொண்டுபோவார் இன்னொருவர். சாமி சிலைக்கும் பூசை மணிக்கும் 8306 சரி, விளக்குக்குச் சரியில்லை. மின்சாரம் இல்லாத விளக்குகளுக்கு 9405.50 இருக்கிறது. அதற்குள் எண்ணெய் விளக்குகள் பகுதியில், சமயச் சடங்குக்கான பித்தளை விளக்கு என்று தனி எண்ணே ஆசியான் அட்டவணையில் உண்டு, 9405.50.11. நம் வீட்டுச் சாமியறை விளக்குக்கு ஒரு சர்வதேச அட்டவணையில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த அன்று எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஊதுவத்தியும் அப்படித்தான். 3307.41இல் 'அகர்பத்தி' என்ற சொல்லையே உலக அட்டவணையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எண் கையில் வந்துவிட்டால் மீதியை நீங்களே பார்க்கலாம். கஸ்டம்ஸின் எச்எஸ் எக்ஸ்புளோரர் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எண்ணைத் தட்டினால் இறக்குமதி வரி, விற்பனை வரி, ஒப்பந்தச் சலுகை வரி எல்லாம் வந்து நிற்கும். எந்த எண் என்பதிலேயே சந்தேகம் இருந்தால், 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 10பி பிரிவின்படி சரக்கு வருவதற்கு முன்பே கஸ்டம்ஸிடம் எழுத்துப்பூர்வமான தீர்ப்புக் கேட்டு வாங்கலாம். ஏஜென்ட் வாயால் சொன்னதைக் கவுண்டரில் யாரும் கேட்க மாட்டார்கள், இந்தத் தீர்ப்பைக் கேட்பார்கள். விளக்குக்கு இது தேவைப்படாது. புது மாதிரி இயந்திரம் என்றால் நான் கேட்டு வாங்கிவிடுவேன்.

இனிக் கணக்கு. மலேசியாவில் வரியைச் சரக்கின் விலைமேல் மட்டும் போடுவதில்லை. விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டிய சிஐஎஃப் தொகைமேல் இறக்குமதி வரி. அந்த வரியையும் சேர்த்த மொத்தத்தின்மேல் விற்பனை வரி. ஜிஎஸ்டி போய் 2018 செப்டம்பர் 1இல் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்ததிலிருந்து விற்பனை வரி பொருளைப் பொறுத்து 5 அல்லது 10 விழுக்காடு, சிலவற்றுக்கு விலக்கு. 2025 ஜூலை 1இல் பட்டியலை மாற்றி விரித்திருக்கிறார்கள், ஆகவே போன வருடத்துப் பில்லைப் பார்த்து இந்த வருடத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்குப் போடுகிறேன். சரக்கு 30,000 வெள்ளி (ரிங்கிட்), கப்பல் கூலி 2,000, இன்சூரன்ஸ் 200, ஆக 32,200. இறக்குமதி வரி 20 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 6,440. இரண்டையும் கூட்டினால் 38,640, அதன்மேல் 10 விழுக்காடு விற்பனை வரி 3,864. அரசாங்கத்துக்கு மட்டும் 10,304 வெள்ளி. இறக்குமதி வரி சுழியமானால் விற்பனை வரி 3,220 மட்டும் கட்டினால் போதும். வித்தியாசம் 7,084 வெள்ளி, உங்கள் கடையில் ஒரு பெண் பிள்ளைக்கு மாதக் கணக்கில் கொடுக்கும் சம்பளம்.

அந்த வித்தியாசத்தைச் சட்டப்படியே மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. பில்லைக் குறைக்கச் சொல்லும் சப்ளையர் அதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். ஆசியானும் இந்தியாவும் செய்துகொண்ட சரக்கு ஒப்பந்தம் 2010இலிருந்து நடப்பில் இருக்கிறது. பொருள் அந்த நாட்டில் செய்ததுதான் என்று காட்டும் மூலச் சான்று இதற்கு ஃபார்ம் ஏஐ. மலேசியா இந்தியா இருதரப்பு ஒப்பந்தம் 2011 ஜூலையில் வந்தது, அதற்கும் தனிச் சான்று உண்டு. உங்கள் எண்ணுக்கு எதில் வரி குறைவோ அதைக் கேளுங்கள். ஆர்செப் (ஆசிய பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தம்) சான்று அனுப்புகிறேன் என்று இந்திய வியாபாரி யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று அர்த்தம், இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஃபார்ம் ஏஐ கிடைக்கப் பொதுவான விதி, பொருளின் மதிப்பில் குறைந்தது 35 விழுக்காடு ஒப்பந்த நாடுகளில் சேர்ந்திருக்க வேண்டும், மூலப்பொருளின் 6 இலக்க எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். பட்டறையில் வார்த்த விளக்குக்கு இது பெரும்பாலும் சிரமமில்லை. எங்கிருந்தோ வாங்கிக் கைமாற்றிவிடும் வியாபாரியால்தான் கொடுக்க முடியாது. சான்றைக் கப்பல் புறப்படும்போதே எடுக்கச் சொல்லுங்கள். பின்தேதியில் எடுக்கவும் வழி உண்டு, ஆனால் பெட்டி இங்கே வந்து காத்துக்கிடக்கும்போது அங்கே ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கித் தர எந்த சப்ளையருக்கும் அவசரம் இருக்காது. சான்றில் உள்ள எச்எஸ் எண், எடை, பில் எண் எல்லாம் மற்றக் காகிதங்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே ஓர் இலக்கம் தவறி, முழு வரியையும் கட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிரைண்டருக்கு வருகிறேன். நம் நாட்டில் வீட்டு உபயோக மின்சாதனங்களில் ஒரு பட்டியலையே சுருஹான்ஜெயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம், கட்டுப்படுத்துகிறது. சமையலறை இயந்திரங்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குவிதிகளின்படி அவர்கள் அங்கீகாரச் சான்று இல்லாமல் இறக்குமதி செய்யக்கூடாது, விற்கக்கூடாது, கடையில் காட்சிக்கு வைக்கக்கூடாது, விளம்பரம்கூடச் செய்யக்கூடாது. சான்று வேண்டுமானால் அந்த மாடலுக்குச் சோதனை அறிக்கை வேண்டும், சமையலறை இயந்திரத்துக்கு ஐஇசி 60335-2-14 என்ற தரம். பிளக்கும் வயரும் தனித்தனியாகவே கட்டுப்பாட்டுப் பொருள்கள். இந்திய உருண்டைக் கால் பிளக்கோடு வரும் கிரைண்டருக்கு இங்கே அடாப்டர் மாட்டி விற்கும் பேச்சே வேண்டாம். ஃபியூஸ் உள்ள நம் சதுரக் கால் 13 ஆம்ப் பிளக் தொழிற்சாலையிலேயே பொருத்தி வர வேண்டும். மின்னழுத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை, இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான்.

இதில் ஒரு குழி இருக்கிறது. "இந்த மாடல் ஏற்கெனவே மலேசியாவில் விற்கிறது, சிரிம் ஸ்டிக்கர் (தரச் சான்று லேபிள்) இருக்கிறது" என்று கம்பெனிக்காரர் சொல்வார். உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தச் சான்று அதை விண்ணப்பித்து வாங்கிய மலேசிய நிறுவனத்தின் பெயரில் இருக்கும். கிள்ளானில் யாரோ ஒரு தவுக்கே (முதலாளி) செலவு செய்து வாங்கிய சான்றை வைத்து நீங்கள் இறக்க முடியாது. உங்கள் பெயருக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், கம்பெனி சோதனை அறிக்கையைக் கொடுத்து ஒத்துழைக்க வேண்டும். சோதனை, விண்ணப்பம், லேபிள், இவற்றின் செலவைப் 60 கிரைண்டர்மேல் பரப்பிப் பாருங்கள். 600 என்றால் கணக்கு வேறு. என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன்: இந்த வருடம் கிரைண்டரைச் சான்று வைத்திருப்பவரிடமே மொத்தமாக வாங்குங்கள், விளக்கை மட்டும் நேராக இறக்குங்கள்.

விளக்கிலும் வினை வரும், ஆனால் அது விளக்கால் வருவதில்லை. பல வருடம் முன்பு என் கையால் டிக்ளேர் செய்த சரக்கு ஒன்று. கோயிலுக்கு உபயமாக ஒருவர் வரவழைத்த விளக்குகள், வரி, பில், எண் எல்லாம் கச்சிதம். பெட்டியைத் திறந்தால் உள்ளே விளக்குக்கு ஒன்றும் ஆகக்கூடாதென்று யாரோ அன்பாக வைக்கோல் சுற்றி அடைத்திருக்கிறார்கள். வைக்கோல் என்பது தாவரப் பொருள், பூச்சியும் விதையும் அதில் வரும். தனிமைக் காப்புச் சேவையான மாகிஸ் அதிகாரிகள் வந்தார்கள், சரக்கு நின்றது. மரப்பெட்டியிலும் முத்திரை இல்லை. பொருளைப் பற்றி ஒருவருக்கும் புகார் இல்லை, வைக்கோலால் கும்பாபிஷேகத்துக்கு விளக்கு போய்ச் சேரவில்லை. 'எதில் சுற்றி வரும்' என்று கேட்காமல் விட்டது என் தப்பு. அன்றிலிருந்து எல்லோரிடமும் முதலில் கேட்பது அதைத்தான். மரப்பெட்டி, மரப்பலகை என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை வேண்டும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேறியிருக்கிறது அல்லது புகையூட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு அடையாளம் அது, கோதுமைக் கதிர்ச் சின்னமும் இந்தியாவுக்கு 'ஐஎன்' எழுத்தும் இருக்கும். அட்டைப்பெட்டி, பஞ்சு ஷீட், காகிதம் என்றால் இந்தத் தலைவலியே இல்லை. பேக்கிங் முடிந்ததும் மூடும் முன் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப் எதற்கு இருக்கிறது.

அதே பெட்டியில் இரண்டு கார்ட்டன் கற்பூரமும் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும், எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. கற்பூரம் தீப்பற்றும் திடப்பொருள், கப்பலில் அது ஆபத்துச் சரக்கு, 4.1 வகை. தனி அறிவிப்பு, தனிக் கூலி. சொல்லாமல் போட்டால் அதே கன்டெய்னரில் இருக்கும் முன்பின் தெரியாதவர் சரக்கும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஊறுகாய், அப்பளம் என்றால் சுகாதார அமைச்சின் உணவுப் பிரிவு. சித்த மருந்து, தலைவலித் தைலம் என்றால் மருந்துக் கட்டுப்பாட்டுப் பதிவு, 'எம்ஏஎல்' எண் இல்லாமல் விற்க முடியாது. இரண்டையும் விளக்குச் சரக்கோடு கலக்காதீர்கள், ஒன்று நின்றால் எல்லாம் நிற்கும்.

இப்போது அந்தப் பயம். டிடிபி என்றால் வரி உட்பட எல்லாச் செலவையும் விற்பவர் ஏற்று உங்கள் வாசலில் இறக்குவது. சட்டப்படி அதில் தப்பில்லை. நடைமுறையில் சின்னக் கடைகளுக்கு வரும் டிடிபியில், யாரோ ஓர் ஏஜென்ட் யார் பெயரிலோ கே1 படிவம் (இறக்குமதி டிக்ளரேஷன்) போட்டு, பத்துப் பேர் சரக்கை ஒன்றாக இறக்கிவிடுவார். உங்கள் பெயரில் கே1 இருக்காது, வரி கட்டிய ரசீது இருக்காது. சரக்கு எப்படி வந்தது என்று அதிகாரி கடையில் வந்து கேட்டால் கையில் காட்ட ஒன்றும் இல்லை. வருமான வரிக் கணக்கில் சரக்கு விலையை நிரூபிக்கவும் கஷ்டம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெட்டிக்குள் சிகரெட்டோ பட்டாசோ இருந்தால் உங்கள் விளக்கும் சேர்ந்து நிற்கும்.

பில்லைக் குறைப்பது இதைவிட மோசம். பொய் டிக்ளரேஷன் சுங்கச் சட்டத்தில் குற்றம், நீங்களே இறக்கும்போது கே1இல் இறக்குமதியாளர் என்று எழுதியிருப்பது உங்கள் பெயர். சப்ளையர் கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பார், நீங்கள்தான் இங்கே இருப்பீர்கள். கண்டுபிடிப்பதும் பெரிய வித்தை இல்லை, 30,000 வெள்ளியை வங்கி வழியாக அனுப்பிவிட்டு 12,000க்குப் பில் காட்டினால் வங்கிக் கணக்கே சாட்சி. சரக்கு வெளியே வந்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம், பின்னால் வந்து கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. காகிதங்களை 7 வருடம் பத்திரமாக வையுங்கள். குறைத்த பில்லுக்கு இன்சூரன்ஸும் குறைத்துத்தான் கொடுப்பான், சரக்கு கடலில் போனால் மீதி உங்கள் நஷ்டம். ஆகவே அந்தத் தங்கையின் பயம் நியாயமான பயம்.

டிடிபியை விட்டுவிட்டு எஃப்ஓபி கேளுங்கள். அங்கே கப்பலில் ஏற்றும்வரை அவர் பொறுப்பு, அதன்பின் உங்கள் ஏஜென்ட். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முழுக் கன்டெய்னர் இல்லாமல் பங்குச் சரக்காக அனுப்பும்போது, அங்குள்ள ஏஜென்ட் 'கப்பல் கூலி ரொம்ப மலிவு' என்று ஆசை காட்டுவார், சில சமயம் சும்மாவே. அந்தப் பணத்தை போர்ட் கிள்ளானில் டெலிவரி ஆர்டர் (சரக்கை விடுவிக்கும் சீட்டு) எடுக்கப் போகும் உங்களிடம் வேறு வேறு பெயரில் வாங்கிவிடுவார்கள். உங்கள் ஏஜென்ட்டிடம் இங்குள்ள செலவை ஒவ்வொன்றாக எழுத்தில் வாங்கிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பங்குச் சரக்குக்கு ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, எது அதிகமோ அதற்குக் கூலி. பஞ்சு மெத்தைக்கு இடம் கணக்கு, பித்தளைக்கு எடை கணக்கு. சின்னப் பெட்டிதானே என்று நினைத்த விளக்கு இரண்டு டன் கூலி கேட்கும். வந்து இறங்கியபின் கிடங்கில் சில நாள்தான் இலவசம், அதற்குள் காகிதம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

பணம் அனுப்புவதில் ஒரே ஓர் எச்சரிக்கை. 30 விழுக்காடு முன்பணம், மீதி சரக்குக் காகிதத்தின் நகலைப் பார்த்தபின் என்பது பரவலான வழக்கம். அந்த மீதி கட்டும் நேரத்தில்தான் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வரும். சப்ளையரின் மின்னஞ்சலுக்குள் எவனோ புகுந்து எழுதியிருப்பான். முன்பு பேசிய அதே நம்பருக்குப் போன் போட்டு, குரலைக் கேட்டபின் அனுப்புங்கள்.

இவற்றில் உறுதி எது, உறுதியில்லாதது எது என்று கேட்டால்: சட்டம், எண், காகிதம் இவை உறுதி. உங்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்களா, எத்தனை நாள் ஆகும், அதிகாரி விலையைக் கேள்வி கேட்பாரா என்பதை எந்த ஏஜென்ட்டும் சத்தியம் பண்ண முடியாது. ஆகவே தீபாவளிக்கு முந்தின வாரம் கடையில் விளக்கு இருக்க வேண்டுமென்றால், அதற்கு ஒரு மாதம் முன்னமே சரக்கு போர்ட் கிள்ளானில் இறங்குவதாகத் திட்டமிடுங்கள். முதல் தடவை ஒரு கன மீட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ஒவ்வொரு அளவிலும் ஒரு விளக்கைக் கூரியரில் வரவழைத்து, எடை சொன்னபடி இருக்கிறதா, பித்தளையா இல்லை இரும்புக்கு மேல் பூச்சா என்று காந்தம் வைத்துப் பாருங்கள்.

ஏஜென்ட் கே1 அனுப்புவதற்கு முன் வரைவை வாங்கிப் படியுங்கள், தயங்காதீர்கள், அது உங்கள் உரிமை. கடைப் பெயர் எஸ்எஸ்எம்மில் உள்ளபடியே இருக்கிறதா, விளக்கு 9405.50இன் கீழ் இருக்கிறதா, பில்லில் உள்ள தொகை அதே தொகையாக இருக்கிறதா, ஃபார்ம் ஏஐ எண்ணை ஏற்றியிருக்கிறாரா, இந்த நான்கையும் விரல் வைத்துப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள்.